கிளீனர் சீட்டுக்கு அடியில்

என் மாமனாரின் ஃபார்கோ லாரி, ராசிபுரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் தோட்டத்துப் புளியமரத்தடியில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நின்றது. டயர்கள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. கேபினுக்குள் கோழிகள் முட்டையிட்டு அடை காத்து வந்தன. என் மைத்துனர் கோயம்புத்தூர் ஜீ.டி. கார் மியூசியத்துக்குப் போய் வந்ததிலிருந்து அவருக்கு ஒரே பிடிவாதம். "மாமா, அப்பா வண்டியை ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்துடணும்" என்றார். 2022ஆம் வருடம், அறுவடை முடிந்த கையோடு கிரேன் வைத்துத் தூக்கி நாமக்கல் கொண்டுபோய் ஒரு பட்டறையில் இறக்கினார்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் சேஸாக, முகமும் இன்ஜினும் மட்டும் வைத்துக்கொண்டு, டிரைவர் ஒரு மரப்பலகையில் உட்கார்ந்து துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓட்டி வருவார். இங்கே வந்த பிறகுதான் அது லாரி ஆகும். மற்ற ஊர்களில் வண்டி என்றால் கம்பெனி செய்தது. நம் ஊரில் பாதி கம்பெனி, பாதி ஆசாரி. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்ஜின் வேலை நான்கு மாதம் ஆயிற்று. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. பணம் போனது மட்டும் தெரியும். வண்டி ஏறக்குறைய முடிந்து பெயின்டுக்குப் போகும் சமயத்தில்தான் பேட்டரியை எங்கே வைப்பது என்று ஒரு சண்டை வந்தது. இவ்வளவு பெரிய லாரியில் ஒரு பேட்டரி வைக்க இடமா இல்லை என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அன்று பட்டறைக்குப் போனேன்.

மெக்கானிக் கேபின் தரைப்பலகையைப் பெயர்த்தபோது, கிளீனர் பக்கம் காலுக்குக் கீழே, சேஸை ஒட்டித் துருப்பிடித்த ஒரு சின்னத் தட்டு இருந்தது. முதல் பேட்டரி இருந்த இடம் அதுதான். ஃபார்கோ என்பது அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தன் டாட்ஜ் லாரிகளை வெளிநாடுகளில் விற்க வைத்திருந்த பெயர்களில் ஒன்று. இங்கே வால்சந்த் ஹிராசந்தின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், பம்பாய் குர்லாவில் 1947லிருந்து அவற்றைப் பூட்டி விற்றது. அப்போது பெட்ரோல் இன்ஜின், 6 வோல்ட் பேட்டரி. மூன்றே செல். அந்தச் சின்னத் தட்டு அதற்குப் போதும்.

மாமனார் அந்த வண்டியை 1960ல் பழைய வண்டியாக வாங்கினார். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிச் சேலத்துச் சேகோ ஆலைகளுக்கு ஓட்டினார். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகவில்லை. அந்தக் காலத்தில் பலரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, மெட்ராஸ் சிம்சன் கம்பெனியின் பெர்கின்ஸ் டீசல் இன்ஜினை ஏற்றினார். 1964 என்று மைத்துனர் சொல்கிறார். பெட்ரோல் இன்ஜின் காற்றை ஏழு மடங்கு போல அழுத்தினால் டீசல் சுமார் பதினாறு மடங்கு அழுத்தும். அதைச் சுற்றிவிட செல்ஃப் மோட்டாருக்கு பலம் வேண்டும். 6 வோல்ட் போய் 12 வோல்ட் வந்தது. ஆறு செல், நாற்பது கிலோவுக்கு மேல் எடை. பழைய தட்டில் அது உட்காராது. பாடி கட்டிய ஆசாரி கிளீனர் சீட்டுக்கு அடியில் மரத்தில் ஒரு பெட்டி அடித்து, அதற்குள் பேட்டரியை இறக்கி, மேலே மெத்தையைப் போட்டுவிட்டார். ஒரு விதத்தில் நல்ல யோசனை. செல்ஃபுக்குப் பக்கம், கேபிள் மூன்றடிதான். லோடு இறக்கக் காத்திருக்கும் இடங்களில் பேட்டரி திருட்டு அன்றும் உண்டு. கிளீனர் மேலேயே படுத்துத் தூங்கினால் எந்தத் திருடன் எடுப்பான்?

இப்போது மெக்கானிக் சொன்னது: "வெளிய சேஸுல பெட்டி கட்டிடலாமுங்க. இன்னைக்கு எல்லா லாரியும் அப்படித்தான்."

மைத்துனர் ஒப்பவில்லை. "அப்பா வச்ச இடத்துல இருக்கட்டும். மாத்தினா அது அப்பா வண்டியா?"

என்னைப் பார்த்தார்கள். சேலம் கலெக்டர் ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்து முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன், எதற்கும் ஒரு குறிப்பு எழுதுவான் என்று நினைப்பு. நான் மைத்துனர் பக்கம் பேசினேன். பழையதைப் பழையபடி வைப்பதுதான் முறை, மேலே நல்ல மூடியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று பத்து நிமிஷம் சொன்னேன். மெக்கானிக், "கம்பெனி வச்ச இடம் கால் கிட்ட. ஆசாரி வச்ச இடம் சீட்டுக்கடியில. இதுல எதுங்க பழசு?" என்று கேட்டார். சரியான கேள்வி. அதற்கும் ஏதோ பதில் சொன்னேன்.

நான் அப்படிப் பேசியதற்குக் காரணம் பழமை மேல் உள்ள பக்தி இல்லை. அந்தப் பெட்டியைப் பற்றி வேறு பேச்சு எழுந்துவிடக் கூடாது என்ற பயம். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பாவுக்கு ராசிபுரம் பக்கம் சொந்த ஊர். பாண்டிச்சேரியில் பஞ்சாலை வேலை. பிரெஞ்சுக்காரர்கள் 1954ல் கிளம்பிப் போனாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போகவில்லை. என்னை அதில்தான் சேர்த்தார். கணக்கு, விஞ்ஞானம் எல்லாம் பிரெஞ்சில். எங்கள் பௌதிக வாத்தியார் பேட்டரி பாடம் வந்தால் எழுந்து நின்றுதான் நடத்துவார். 1859ல் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர், இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் நடுவே ரப்பர் பட்டைகள் வைத்துப் பாய் மாதிரி சுருட்டி, கந்தக அமிலத்தில் முக்கினார். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரி அது. 1881ல் கமில் ஃபோர் என்ற இன்னொருவர் தகட்டின் மேல் ஈய ஆக்சைடுப் பசையைத் தடவித் திறனைக் கூட்டினார். லாரி பேட்டரி இன்றும் அடிப்படையில் அதுதான். பேட்டரிக்கு எங்கள் பள்ளியில் 'அக்குமுலாத்தர்' என்று பெயர். சேலம் வந்து அந்த வார்த்தையைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் மாமனாருக்கு மாப்பிள்ளை பிரெஞ்சு படித்தவர் என்பதில் பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

1977, ஐப்பசி மாதம். கல்யாணமாகி ஒரு வருடம். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனவன், ஆபீஸ் லெட்ஜர் இரண்டை வேலை முடிக்கக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். எடுத்துப்போகவே கூடாது. திரும்பும்போது கிழங்கு லோடு சேலம் போகிறது, அதிலேயே போய்விடலாம் என்றார் மாமனார். அவர்தான் ஓட்டினார். நான் கிளீனர் சீட்டில். கிளீனர் பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். எனக்கு இடம் விட்டு லோடுக்கு மேலே தார்ப்பாய்க்குள் போய்விட்டான்.

ஆண்டகளூர் கேட் தாண்டியதும் மழை பிடித்தது. கேபின் கூரை ஒழுகியது. லெட்ஜர் நனைந்தால் என் வேலைக்கே ஆபத்து. எதையாவது சுற்றலாமா என்று தேடிச் சீட்டு ஓரமாகக் கையை விட்டேன். டயர் டியூப்பை வெட்டி விரித்த ஒரு ரப்பர் துண்டு கிடைத்தது. உருவி எடுத்து லெட்ஜரைச் சுற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் மாமனார் பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்று ஏதோ கேட்டார். நான் பிளாந்தே கதையை ஆரம்பித்தேன். ஈயத் தகடு, நடுவில் ரப்பர், ஒட்டக் கூடாது. மடியில் அந்த ரப்பரை வைத்துக்கொண்டே சொன்னேன்.

மல்லூரில் டீ குடிக்க நிறுத்தினோம். மாமனாருக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். ஒரே சீட்டில் மூவர். நல்ல கனமான ஆட்கள். அந்தக் காலத்துப் பேட்டரி இன்றைய பிளாஸ்டிக் பெட்டி மாதிரி இருக்காது. மேலே தார் ஊற்றியிருக்கும். செல்லுக்குச் செல் இணைக்கிற ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். மெத்தைக்கு அடியில் சாக்குத் துணி கிழிந்து ஸ்பிரிங்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவில் இருந்தது அந்த டியூப் துண்டு ஒன்றுதான். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஸ்பிரிங் பேட்டரியின் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டது.

முதலில் தேங்காய் நார் கருகும் வாசனை. அப்புறம் தொடைக்குக் கீழே சூடு. கத்தினோம். மாமனார் வண்டியை ஓரம் கட்டுவதற்குள் மேலிருந்து பையன் குதித்துவிட்டான். நாங்கள் மூவரும் இறங்கி மழையில் நின்றோம். அவன் எரிகிற மெத்தையை இழுத்து வெளியே எறிந்தான். கேபிளைக் கையாலேயே திருகிப் பிடுங்கினான். சார்ஜ் ஏறும் பேட்டரியில் ஹைட்ரஜன் வாயு வரும். மூடிய பெட்டிக்குள் அது தேங்கி நிற்கும். கேபிளைப் பிடுங்கும்போது தெறித்த பொறியில் பட்டென்று வெடித்து, ஒரு செல்லின் மேல்பாகம் அமிலத்தோடு அவன் இடது கையில் அடித்தது. மாமனார் அவனைச் சாலையோரத்துத் தண்ணீரில் இழுத்துப்போய்க் கையை முக்கினார். அமிலத்துக்கு அதுதான் முதல் வைத்தியம், நிறையத் தண்ணீர். முழங்கைக்குக் கீழே தோல் போய்விட்டது. முகத்தில் படவில்லை. கண்ணில் படவில்லை.

அன்று இரவு வீட்டில் லெட்ஜரைப் பிரித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ரப்பரின் ஒரு பக்கத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி, இரண்டு இடத்தில் வட்டமாக முனையின் அச்சு.

மாமனார் பையனைத்தான் கேட்டார். பேட்டரி மேல் டியூப் போட்டாயா இல்லையா. போட்டேன் என்றான். போட்டிருந்தால் எங்கே என்றார். புது பேட்டரியின் விலையை மூன்று மாதம் அவன் சம்பளத்தில் பிடித்தார். இதெல்லாம் என் மனைவி மூலமாக எனக்குத் தெரிந்தது. நான் பேசவில்லை. புது மாப்பிள்ளை, பிரெஞ்சு படித்தவர். அந்த டியூப் துண்டு ரொம்ப வருடம் எங்கள் வீட்டில் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் கிடந்தது.

பட்டறைச் சண்டைக்கு அடுத்த வாரம் மைத்துனர் அந்தக் கிளீனரைக் கூட்டி வந்தார். பையன் என்று எழுதிப் பழகிவிட்டது. அவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. எங்களிடமிருந்து போய் டிரைவராகி, வடநாட்டு லைனில் முப்பது வருடம் ஓட்டி, முழங்கால் தேய்ந்து ஓய்ந்திருக்கிறார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். எந்த விளக்கு எங்கே இருந்தது, ஹாரன் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எலக்ட்ரீஷியன் சின்னப் பையன், பேட்டரியைத் தற்காலிகமாகத் தரையில் வைத்து மைனஸ் கேபிளை சேஸில் முடுக்கப் போனான்.

"தம்பி, நிறுத்து. இந்த வண்டிக்கு பிளஸ்தான் பாடி" என்றார்.

பையன் நம்பவில்லை. ஆனால் அது உண்மை. கிரைஸ்லரின் பழைய 6 வோல்ட் வண்டிகளில் பிளஸ்தான் எர்த். டீசல் மாற்றியபோதும் மாமனார் அதை அப்படியே விட்டுவிட்டார். மாற்றிக் கொடுத்திருந்தால் ஆம்பியர் மீட்டர் தலைகீழாகக் காட்டியிருக்கும். டைனமோ பேட்டரிக்கு எதிராக வேலை செய்து கட்-அவுட்டைக் கருக்கியிருக்கும். அதே போல, பேட்டரி கழற்றும்போது மைனஸை முதலில் கழற்று என்று இன்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். உண்மையான விதி, எர்த் எதுவோ அதை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு என்பதுதான். அப்போதுதான் ஸ்பானர் தவறி பாடியில் பட்டாலும் பொறி வராது. இந்த வண்டியில் அது பிளஸ். இதை அந்தப் பையனுக்கு விளக்கியது கிளீனர்தான். நான் வாய் திறக்கவில்லை.

பிறகு மைத்துனர் கேட்டார், பேட்டரி சீட்டுக்கடியில்தானே இருந்தது, அங்கேயே வைக்கலாமா என்று.

"உங்க வண்டிங்க. எங்க வேணா வைங்க. நான் அதுமேல உக்கார மாட்டேன்" என்றார்.

முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். வெயில் அப்படிக் கொளுத்தும்போதும் பொத்தானைக் கழற்றவில்லை.

எதிரே வேப்பமரத்தடி டீக்கடைக்கு அவரை அழைத்துப்போனேன். ஐந்து நிமிஷம் அவர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். மழை, லெட்ஜர், டியூப், குடம், எல்லாம். நாற்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது என்றும் சொன்னேன், அது ஏதோ எனக்கு ஒரு சலுகை போல.

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"825 டியூப்புங்க அது. வெட்டி வச்சது நானு. மாமா கேட்டப்ப போட்டேன்னுதான் சொன்னேன். அவரு நம்பல. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு, போட்டமா இல்லையான்னு." கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "நீங்க எடுத்ததுக்கு ஒண்ணும் இல்லைங்க. தெரியாம எடுத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார், நான் எவ்வளவு தடுத்தும்.

மாலை மைத்துனரிடமும் சொன்னேன். இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, "வெளியவே வச்சிடலாம் மாமா" என்று மட்டும் சொன்னார். கிளீனருக்கு ஏதோ பணம் கொண்டுபோய்க் கொடுத்ததாகவும், அவர் வாங்கவில்லை என்றும் பிறகு மனைவி மூலமாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் எல்லாச் செய்தியும் அந்த வழியாகத்தான்.

இடம் மாற்றுவது சொல்வதற்கு எளிது. செய்யும்போதுதான் ஒவ்வொன்றாக வந்தது. இந்த வண்டியில் சைலன்சர் குழாய் இடது பக்கம் போகிறது. சூடு பேட்டரியின் ஆயுளைக் குடித்துவிடும். சேலம் நாமக்கல்லில் சித்திரை வெயிலே நாற்பது டிகிரி, அதில் சைலன்சர் பக்கத்தில் வைத்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே வலது பக்கம், கேபினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில். சேஸின் மேல் உதட்டிலும் கீழ் உதட்டிலும் துளை போடக் கூடாது, வெல்டிங்கும் வைக்கக் கூடாது, பாரம் இழுக்கும் இடம் அதுதான், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும் என்றார் மெக்கானிக். நடுப் பலகையில் ஏற்கெனவே இருந்த துளைகளிலேயே பெட்டியின் கால்களை முடுக்கினார். பெட்டிக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, பக்கவாட்டில் காற்றுக்குத் துளைகள், பேட்டரி ஆடாமல் இருக்க மேலே ஒரு பட்டையும் இரண்டு கொக்கி போல்ட்டும், திருடனுக்காக ஒரு பூட்டு.

மூன்றடி கேபிள் இப்போது ஏழடி ஆகிவிட்டது. எலக்ட்ரீஷியன் கடையில் இருந்த 35 சதுர மில்லிமீட்டர் கேபிளைக் கொண்டுவந்தான். நான் பழைய பழக்கத்தில் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். செல்ஃப் 400 ஆம்பியர் இழுப்பதாக வைத்தால், அந்த நீளத்தில் அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வழியிலேயே போய்விடும். 70 மில்லிமீட்டர் போட்டால் அதில் பாதிதான் போகும். 12 வோல்ட்டில் அரை வோல்ட் என்றால் மார்கழிக் காலையில் தெரியும். 70 வாங்கச் சொன்னேன். சேஸைத் தாண்டும் இடத்தில் கேபிள் உராயாமல் ரப்பர் வளையம். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்க வைத்து முடுக்கினார்கள். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் இன்ஜினுக்கும் சேஸுக்கும் தனியாக ஒரு பட்டை. மெக்கானிக்கிடம் நான் பாராட்டு வாங்கிய ஒரே வேலை அந்தக் கணக்குத்தான்.

சீட்டுக்கடியில் இருந்த மரப்பெட்டியை என்ன செய்வது? சட்டம் கறுத்துப்போய், விரலால் குத்தினால் பஞ்சு மாதிரி உதிர்ந்தது. நாற்பது வருடத்துக்கு முன் சிந்திய அமிலம். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து, நுரைப்பது நிற்கும் வரை ஊற்றிக் கழுவினார்கள். அப்படியும் தாங்காது என்று ஆசாரி அதே அளவில் புதுப் பெட்டி அடித்தார். அதை வைக்கச் சொன்னது மைத்துனர். அப்பா வைத்த பெட்டி காலியாகவாவது இருக்கட்டும் என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

தை மாதம் ஒரு காலையில் வண்டியைக் கிளப்பினோம். செல்ஃப் இரண்டு சுற்றுச் சுற்றித் திணறியது, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. பட்டறை முழுக்கப் புகை. மைத்துனர் ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு அழுதார். கிளீனரையும் வரச் சொல்லியிருந்தோம். அவர் கேபினில் ஏறியதும் உட்காரவில்லை. மெத்தையைத் தூக்கினார். காலிப் பெட்டிக்குள் கையை விட்டு நான்கு மூலையையும் தடவிப் பார்த்தார். பிறகு தன் தண்ணீர் பாட்டிலையும் வெற்றிலைப் பையையும் அதில் வைத்து, மெத்தையைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, "போலாமுங்க" என்றார்.